மருந்து தொடங்கி 11 நாள், கிட்டில் இன்னும் பாசிட்டிவ்: மறுபடி மருந்து கொடுக்க வேண்டுமா?

நைல்கரை (செவ்வாய், இரவு 9:42)

எல்லோருக்கும் வணக்கம். உகாண்டாவில் ஜிஞ்சா பக்கம் ஒரு ஆலையில் வேலை பார்க்கிறேன், குடும்பமும் இங்கேதான். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

மகளுக்கு நான்கு வயது, 16 கிலோ. 3-ம் தேதி வெள்ளிக்கிழமை காய்ச்சல் 103-ஐத் தாண்டியது. பக்கத்து கிளினிக்கில் விரலைக் குத்தி கிட்டில் பார்த்தார்கள், மலேரியா என்றார்கள். தண்ணீரில் கரையும் ஆர்ட்டிமீதர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரை, வேளைக்கு இரண்டு, மூன்று நாளில் ஆறு வேளை. ஒரு வேளையும் விடவில்லை. இரண்டாம் வேளையைக் கொடுத்த பத்தாவது நிமிஷம் கக்கிவிட்டாள், அதையும் மறுபடி முழுசாகக் கொடுத்துவிட்டோம். ஞாயிறு காலை எழுந்ததும் தோசை கேட்டாள்.

நேற்றிலிருந்து மூக்கு ஒழுகுகிறது, உடம்பு 100. பயந்துபோய் அதே கிளினிக்குக்குப் போனோம். மறுபடி கிட், மறுபடி பாசிட்டிவ். “மாத்திரை கேட்கவில்லை, கிருமி பழகிவிட்டது, நாளையிலிருந்து மூன்று நாள் ஆர்ட்டிசுனேட் ஊசி” என்கிறார்கள். மனைவி ஊசி போட்டுவிடலாம் என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது குழந்தை நன்றாகத்தான் விளையாடுகிறது.

கஞ்சிக்கலயம் (செவ்வாய், இரவு 9:58)

அண்ணா, பொறுங்கள், அவசரப்படாதீர்கள். நாங்கள் கம்பாலாவில் இருந்தபோது என் மகனுக்கு இதே கதை. “சுத்தமாகிவிட்டதா பார்ப்போம்” என்று நானே இரண்டு வாரத்தில் கூட்டிப்போய் கிட் போட்டேன். பாசிட்டிவ். மருந்து. மறுபடி இரண்டு வாரம், மறுபடி கிட், மறுபடி பாசிட்டிவ், மறுபடி மருந்து. இரண்டு மாதத்தில் மூன்று கோர்ஸ் விழுங்கினான் பிள்ளை. மூன்றாவது முறை வேறொரு ஆஸ்பத்திரியில் சிலைடு போட்டு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “இந்தப் பையனுக்கு இப்போது எங்கே மலேரியா?” என்று என்னையே கேட்டார்கள்.

சிலைடுராணி (செவ்வாய், இரவு 10:15)

நான் லேப் டெக்னீஷியன். தென் சூடானில் ஆறு வருஷம் இருந்துவிட்டு இப்போது நாகர்கோவிலில். முதலில் மூன்று கேள்வி.

குழந்தை குடிக்கிறதா, சாப்பிடுகிறதா? வலிப்பு, விடாத வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு வாங்குதல், வெளிறிப்போதல், கருத்த சிறுநீர் ஏதாவது உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் இழையை மூடிவிட்டு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அப்புறம், இன்று போட்ட கிட்டில் எந்தக் கோடு வந்தது? பாசிட்டிவ் என்று மட்டும் சொன்னால் போதாது.

நைல்கரை (செவ்வாய், இரவு 10:31)

அந்த அறிகுறி எதுவும் இல்லை அக்கா. சாப்பிட்டாள், தம்பியை அடித்தாள், தூங்கிவிட்டாள்.

கிட்டை வாங்கி வந்திருக்கிறேன், பையில்தான் கிடக்கிறது. ஜன்னல் ஓரத்தில் மூன்று பெயர்: சி, பான், பிஎஃப். சி-யில் கோடு இருக்கிறது. பிஎஃப்-பில் நல்ல சிவப்பாக இருக்கிறது. பான் இருக்கும் இடம் காலி, டார்ச் அடித்தும் பார்த்துவிட்டேன். 3-ம் தேதி கிட்டை மனைவி போனில் படம் எடுத்திருந்தாள். அதில் மூன்று கோடும் இருக்கின்றன.

சிலைடுராணி (செவ்வாய், இரவு 11:04)

நல்ல வேலை செய்தீர்கள், அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்தக் கிட் கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமி விட்டுவைத்த புரதத்தைத்தான் பார்க்கிறது. சி கோடு கிட் சரியாக வேலை செய்ததா என்பதற்கு மட்டும். புரதத்தில் இரண்டு விதம். பிஎஃப் கோடு பிடிப்பது பெரும்பாலான கிட்களில் எச்ஆர்பி-2 என்ற புரதம். மலேரியாக் கிருமி வகைகளில் ஃபால்சிபாரம் மட்டும்தான் இதை உண்டாக்கும். கிருமி செத்த பிறகும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும். பந்தி முடிந்த பிறகும் எச்சில் இலை கிடப்பதில்லையா, அந்த மாதிரி. இலையைப் பார்த்துவிட்டு ஆட்கள் இன்னும் சாப்பிடுகிறார்கள் என்று சொல்ல முடியுமா?

பான் என்றால் எல்லா வகை மலேரியாக் கிருமிக்கும் பொது. அந்தக் கோடு பிடிப்பது பிஎல்டிஎச் என்ற என்சைம். சர்க்கரையை எரித்துப் பிழைக்க உயிருள்ள கிருமிக்கு அது வேண்டும். அதனால் கிருமி ஒழிந்தால் சில நாளில் அதுவும் போய்விடும். தான்சானியாவின் பகமோயோவில் சிகிச்சை முடிந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பிஎல்டிஎச் கோடு மறைய இடைநிலையாக 7 நாள், எச்ஆர்பி-2 கோடு மறைய 28 நாள். சில குழந்தைகளுக்கு 42 நாள் தாண்டியும் எச்ஆர்பி-2 மறையவில்லை.

ஆக, 11-ம் நாள் பிஎஃப் சிவப்பாக இருப்பது அதிசயமே இல்லை. இருக்காவிட்டால்தான் நான் யோசித்திருப்பேன். பான் கோடு போயிருப்பது நல்ல சேதி. ஆனால் அதை மட்டும் வைத்துச் சரியாகிவிட்டது என்று முத்திரை குத்த மாட்டேன். கிருமி கொஞ்சமாக இருந்தால் அந்தக் கோடு எழும்பாது, எச்ஆர்பி-2 அளவுக்கு அதற்குக் கூர்மை கிடையாது. காலையில் நல்ல மைக்ராஸ்கோப் இருக்கும் இடத்தில் ஒரு சிலைடு போடச் சொல்லுங்கள். ரத்தப் பூச்சு தடிப்பாக ஒன்று, மெல்லிதாக ஒன்று, இரண்டும். கிருமி எண்ணிக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசி அதுவரை காத்திருக்கட்டும்.

மறுபக்கம் (புதன், காலை 6:20)

ஒரு சந்தேகம். கிட் இவ்வளவு பழைய கதை பேசும் என்றால், 3-ம் தேதி மட்டும் அதை நம்பி ஏன் மருந்து கொடுத்தார்கள்? அன்றைக்கு வந்த கோடும் போன மாத மலேரியாவின் மிச்சமாக இருந்திருக்கலாமே?

இன்னொன்று. கிளினிக்காரர் சொன்னதைச் சும்மா பயம் காட்டுகிறார் என்று தள்ளிவிடாதீர்கள். ஆர்ட்டிமீதர், ஆர்ட்டிசுனேட் எல்லாம் சேர்ந்த ஆர்ட்டிமிசினின் வகை மருந்துக்குக் கிருமி பழக ஆரம்பித்திருப்பது வடக்கு உகாண்டாவிலேயே 2021-ல் பதிவாகியிருக்கிறது. ருவாண்டாவிலும் உண்டு. அதை ஏன் யாரும் பேசவில்லை?

குழந்தைமருத்துவன் (புதன், காலை 7:45)

மறுபக்கம் கேட்டது இரண்டும் நியாயமான கேள்வி.

முதலாவதற்கு: நீங்கள் சொல்வது நடக்கக்கூடியதே. மலேரியா ஓயாத ஊரில், போன மாதம் மருந்து சாப்பிட்ட குழந்தைக்கு இன்று வைரல் காய்ச்சல் என்றாலும் கோடு வரும். அதனால்தான் கிட் போடும் முன் “கடைசியாக எப்போது மலேரியா மருந்து சாப்பிட்டாள்?” என்று கேட்க வேண்டும். பல இடத்தில் கேட்பதில்லை. ஆனால் சமீபத்தில் மருந்து சாப்பிடாத குழந்தைக்கு 103 காய்ச்சல், மூன்று கோடும் உண்டு என்றால் மருந்து கொடுப்பதுதான் சரி. சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் மருந்துக்கு முன் மைக்ராஸ்கோப்பிலோ கிட்டிலோ உறுதி செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லிருந்து சொல்கிறது. கிட் அந்த முதல் கேள்விக்காகச் செய்தது. மருந்து கேட்டதா என்ற இரண்டாம் கேள்விக்கு எச்ஆர்பி-2 கிட்டை அதே நிறுவனம் பயன்படுத்தச் சொல்வதில்லை.

இரண்டாவதற்கு: ஆர்ட்டிமிசினினுக்குப் பழகிய கிருமி உண்மைதான், ஆனால் அது வெளியே தெரிகிற விதம் வேறு. கிருமி மெதுவாகக் குறையும், மூன்றாம் நாள் சிலைடிலும் இன்னும் இருக்கும். மருந்து தொடங்கிய நாளை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் கணக்கு அப்படித்தான். இரண்டாம் நாள் எண்ணிக்கை 0-ம் நாளைவிடக் கூடியிருந்தாலோ, மூன்றாம் நாள் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மிச்சமிருந்தாலோ, மூன்றாம் நாள் கிருமியோடு காய்ச்சலும் இருந்தாலோ, ஆரம்பத்திலேயே மருந்து தோற்றது என்போம். இந்தக் குழந்தை இரண்டாம் நாள் தோசை கேட்டிருக்கிறாள். பழகிவிட்டதா என்பதை 11-ம் நாள் கிட் சொல்லாது.

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. தீவிர மலேரியாவில் ஆர்ட்டிசுனேட் ஊசி உயிர் காப்பது. ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5,425 பேரிடம் நடந்த ஆய்வில் பழைய மருந்தான குயினைனைவிடச் சாவு 22.5 சதவீதம் குறைந்தது, 2010-ல் வெளியானது. ஆனால் விளையாடும் குழந்தைக்குக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போடும் மருந்து அது இல்லை. சிலருக்கு ஊசி போட்டு ஒன்று இரண்டு வாரம் கழித்து ரத்த அணு உடைந்து சோகை வரும். போட்டால் அதற்கும் கண்காணிக்க வேண்டும்.

நைல்கரை, இன்று ஆஸ்பத்திரியில் காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். மலேரியாக் கோடு வந்தால் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். என் தொழிலில் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு அது, நானும் செய்திருக்கிறேன்.

கோராபுட்காரன் (புதன், காலை 10:10)

எல்லோரும் சிலைடு, சிலைடு என்கிறீர்கள். சிலைடு இல்லாத இடத்திலிருந்து ஒரு குரல்.

ஒடிசாவில் கோராபுட் மாவட்டத்தில் நான்கு வருஷம் மலேரியா வேலையில் இருந்தேன். அங்கே 2017-லிருந்து தமன் என்று ஒரு அரசுத் திட்டம். எட்டாத மலைக் கிராமங்களில் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ எல்லோருக்கும் கிட் போட்டு, பாசிட்டிவ் ஆனவர்களுக்கு மருந்து கொடுப்பார்கள். நல்ல திட்டம். ஆனால் முகாமுக்கு இரண்டு வாரம் முன்புதான் ஆஷா அக்கா (ஊர் சுகாதாரப் பணியாளர்) மருந்து கொடுத்த குழந்தையும் வரிசையில் நிற்கும். கோடு வரும். என்ன செய்வது?

நாங்கள் செய்தது இவ்வளவுதான். வீட்டில் மருந்து அட்டை கிடக்கிறதா என்று கேட்போம். அங்கே ஃபால்சிபாரம் மருந்து வயசுக்கு ஒரு நிற அட்டை: ஒரு வயசுக்குள் இளஞ்சிவப்பு, ஒன்று முதல் நான்கு வரை மஞ்சள், அப்புறம் பச்சை, சிவப்பு, பெரியவர்களுக்கு வெள்ளை. ஒரு வீட்டில் கூரைச் செருகலிலிருந்து பாட்டி உருவிக் கொடுத்தது மஞ்சள் அட்டை, மூன்று நாள் குழியும் காலி. சரி, இந்தக் குழந்தை மருந்து முழுசாகச் சாப்பிட்டிருக்கிறது, உடம்பு சுடவில்லை, விட்டுவிடு. இன்னொரு வீட்டில் மூன்றாம் நாள் மாத்திரை அப்படியே இருந்தது, கசக்கிறது என்று துப்பிவிட்டானாம். அந்தக் கோட்டை எச்சில் இலை என்று நான் சொல்வேனா? மாட்டேன்.

அதனால் அட்டையின் பின்னால் தொடங்கிய தேதியை மார்க்கரில் எழுதச் சொல்லி ஆஷாக்களிடம் கெஞ்சினோம். பாதிப் பேர் எழுதினார்கள்.

பான் கோடு எங்களுக்குக் கைகொடுக்கவில்லை. இந்தியத் திட்டத்தில் வரும் இரட்டைக் கிட்டில் ஃபால்சிபாரத்துக்கு எச்ஆர்பி-2, வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்குத்தான் பிஎல்டிஎச். என் கேள்வி இது: மைக்ராஸ்கோப் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், ஃபால்சிபாரத்துக்கும் பிஎல்டிஎச் கோடு இருக்கும் கிட்டைக் கொடுத்து 7-ம் நாளோ 14-ம் நாளோ பார்க்கச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

சிலைடுராணி (புதன், காலை 11:30)

அண்ணே, உங்கள் மஞ்சள் அட்டைக்கு ஒரு கும்பிடு. நான் லேபில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் யோசித்ததே இல்லை.

பிஎல்டிஎச் பற்றி: ஒன்றுமே இல்லாததற்கு அது மேல், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலோடு வரும் குழந்தைக்குப் பிஎல்டிஎச் கோடு பளிச்சென்று வந்தால் அனுப்பு ஆஸ்பத்திரிக்கு, சந்தேகமே வேண்டாம். என் பயம் நெகட்டிவைப் பற்றி. மருந்து தோற்கும்போது கிருமி முதலில் கொஞ்சமாகத்தான் திரும்பி வரும். அந்தக் கட்டத்தில் கோடு வராது. “கோடு இல்லை, போ” என்று அனுப்பிவிட்டால்?

இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்துக்குப் பின் மிஞ்சும் கேமிட்டோசைட்டும் பிஎல்டிஎச் உண்டாக்கும். அது கொசுவுக்குப் போகிற வடிவம், குழந்தைக்குக் காய்ச்சல் தராது. அது நிறைய இருந்தால் வீணாக ஒரு கோடு வரும்.

கோராபுட்காரன் (புதன், காலை 11:52)

நெகட்டிவ் பயம் சரி. ஆனால் உங்கள் சிலைடும் அங்கே தெய்வ வாக்கு இல்லை அக்கா. ஒருநாளைக்கு நூறு சிலைடு வரும், ஆள் ஒருவர், சாயம் பழசு. சாயத் துகளைப் பார்த்துப் பாசிட்டிவ் எழுதியதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

சிலைடுராணி (புதன், நண்பகல் 12:20)

பார்த்திருப்பீர்கள். மைக்ராஸ்கோப்பில் நூறு புலம் (சிலைடில் நூறு இடம்) பார்க்காமல் நெகட்டிவ் எழுதுவதையும் பார்த்திருப்பீர்கள். தென் சூடானில் தண்ணீரின் பிஎச் 7.2-க்கு வராமல் ஜீம்சா சாயம் என்னிடம் ஒரு மாதம் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் எண்ணிக்கை என்ற ஒன்று சிலைடில் மட்டும்தான் கிடைக்கும். 200 வெள்ளை அணு எண்ணும்போது கிருமி 600 என்றால், அதை 40-ஆல் பெருக்கி மைக்ரோலிட்டருக்கு 24,000. நாளை 2,000, மறுநாள் 0. மருந்து வேலை செய்கிறது என்றால் அதுதான் அத்தாட்சி. கிட்டில் இருப்பது “உண்டு”, “இல்லை” இரண்டே பதில்.

கஞ்சிக்கலயம் (புதன், மதியம் 1:05)

அக்கா, நான் என் மகனின் மூன்று கிட்டையும் வரிசையாக மேஜையில் வைத்து, கோடு மங்குகிறதே, குறைகிறது போலிருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். அது தப்பா?

சிலைடுராணி (புதன், மதியம் 1:18)

தப்புத்தான் அம்மா, ஆனால் எல்லோரும் செய்கிற தப்பு. மங்கலான கோடும் முழுப் பாசிட்டிவ்தான். கோட்டின் நிறம் ரத்தத் துளியின் அளவு, சொட்டிய திரவம், பார்த்த நேரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். கிட்டில் எழுதியிருக்கும் 15 அல்லது 20 நிமிஷத்தில் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் இல்லாத கோடும் தெரியும்.

(நைல்கரை நேற்று பையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது நான் சும்மா இருந்ததற்குக் காரணம், கிளினிக்கும் பாசிட்டிவ் என்றே சொல்லியிருந்தது. பான் காலியாக இருந்தது நேரமாகியும் எழும்பாத கோடு, அதனால் ஏற்றுக்கொண்டேன்.)

நைல்கரை (புதன், மாலை 6:40)

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். எழுதியிருப்பதை அப்படியே சொல்கிறேன்: “பாலிலா வடிவம் காணப்படவில்லை. ஃபால்சிபாரம் கேமிட்டோசைட் சில காணப்பட்டன.” காது, நெஞ்சு பார்த்தார்கள், வெறும் சளி என்றார்கள். ஹீமோகுளோபின் 10.4.

அந்த இரண்டாவது வரிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. காணப்பட்டன என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மனைவி “பார்த்தீர்களா, ஊசி போட்டிருக்கலாம்” என்கிறாள்.

சிலைடுராணி (புதன், மாலை 7:02)

தங்கச்சியிடம் சொல்லுங்கள், முதல் வரிதான் முக்கியம். காய்ச்சல் தருவது பாலிலா வடிவம், அது போய்விட்டது. மருந்து வேலை செய்திருக்கிறது.

கேமிட்டோசைட் என்பது வாழைப்பழம் மாதிரி வளைந்த ஒரு வடிவம், சிலைடில் பார்த்தால் மறக்கவே முடியாது. முதிர்ந்தவற்றை உங்கள் மாத்திரை முழுசாகக் கொல்லாது, சில வாரம் சுற்றிவிட்டுத் தானாகச் சாகும். மகளை ஒன்றும் செய்யாது. கொசு கடித்தால் கொசுவுக்குப் போகும், அவ்வளவுதான். அதனால் வலைக்குள் தூங்க வையுங்கள், பாவம் அந்தத் தம்பிக்காக.

குழந்தைமருத்துவன் (புதன், மாலை 7:30)

அக்கா சொன்னதே போதும். கேமிட்டோசைட்டுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி மருந்தே இல்லை. அதற்கென்று ஒரே ஒரு வேளை பிரிமாகுயின், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், சில நாடுகளில் பரவலைத் தடுக்கக் கொடுப்பார்கள். அது ஊர்க் காரியம், அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும்.

ஒரு கணக்கை மட்டும் நாள்காட்டியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 0-ம் நாள் 3-ம் தேதி. 28-ம் நாள் 31-ம் தேதி. இதற்குள் காய்ச்சல் வந்தால் கிட் வேண்டாம், நேராகச் சிலைடு. அதில் கிருமி இருந்தால் முதல் மருந்தையே திரும்பக் கொடுக்காமல் இரண்டாம் வரிசை மருந்துக்குப் போவார்கள். 28 நாள் கழித்து வந்தால் பெரும்பாலும் புதுக் கொசு, புது மலேரியா என்று எடுத்துக்கொண்டு முதல் மருந்திலிருந்தே தொடங்குவார்கள். பழசா புதுசா என்று உறுதியாகப் பிரிக்க மரபணு ஒப்பீடு வேண்டும், அது ஆய்வுகளில்தான் செய்வார்கள். அப்புறம், எதிர்காலத்தில் இந்த மாத்திரை கொடுக்க நேர்ந்தால் பாலோடு கொடுங்கள். லூமிஃபான்ட்ரின் கொழுப்பு இருந்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும்.

மறுபக்கம் (புதன், இரவு 8:15)

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இழையைப் படிப்பவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கிட் பாசிட்டிவ் என்றால் பழசுதான் என்று யாராவது காய்ச்சல் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டால் அது இதைவிட மோசம். கிட் நெகட்டிவ் என்பதிலும் ஓட்டை உண்டு. எச்ஆர்பி-2 மரபணுவே இல்லாத கிருமி முதலில் பெருவில் கண்டுபிடிக்கப்பட்டது, 2010-ல் வெளியானது. எரித்திரியாவில் அது இவ்வளவு பரவியதால் 2016-ல் கிட்டையே மாற்ற வேண்டி வந்தது.

கோராபுட்காரன் (புதன், இரவு 8:50)

சரியான பேச்சு. அந்தக் கிருமிக்காக பிஎல்டிஎச் கிட் எப்படியும் கிராமத்துக்கு வரத்தான் போகிறது. வந்தபின் என் கேள்வியை மறுபடி கேட்பேன் அக்கா, தயாராக இருங்கள்.

நைல்கரை (திங்கள், 27-ம் தேதி, இரவு 8:05)

பழைய இழையைத் தூக்குவதற்கு மன்னிக்கவும். இன்று 24-ம் நாள். நேற்று ராத்திரி மகளுக்கு 102. பள்ளிக்கூடத்து நர்ஸ் கிட்டோடு தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொல்லி, நாள்காட்டியைக் காட்டி, ஒரு போடாபோடாவை (இங்கே வாடகை மோட்டார் சைக்கிள்) பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

சிலைடு நெகட்டிவ். இந்த முறை கேமிட்டோசைட்டும் இல்லை. டாக்டர் காதில் விளக்கை வைத்தார், வலது காது உள்ளே செக்கச்செவேல் என்று வீங்கியிருக்கிறது. சளி காதுக்கு ஏறிவிட்டதாம். அமாக்ஸிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார், வேளைக்கு எவ்வளவு என்று பாட்டில் மூடியிலேயே கோடு போட்டுத் தந்தார்.

மனைவி அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, “இதையாவது நம்பலாமா என்று உங்கள் அக்காவிடம் கேளுங்கள்” என்கிறாள்.

சிலைடுராணி (திங்கள், இரவு 8:21)

நம்பலாம். மூடியைக் கழுவிவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.